ரெண்டாவது பிரசவத்தோடு முடித்துவிடலாமா, பொறுக்கலாமா, அவருக்குப் பண்ணலாமா?

போன மாதம் அக்கா மகள் ஆலங்குளத்திலிருந்து போன் பண்ணினாள். ரெண்டாவது பிள்ளை, ஏழு மாதம் நடக்கிறது.

"சித்தி, நர்ஸம்மா பிரசவத்தோட சேத்து முடிச்சிரச் சொல்லுதாவ. அத்தையும் அதையேதான் சொல்லுதாவ. நீங்க என்ன சொல்லுதிய?"

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத்தான் சொல்கிறாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளுக்கு வயது 25. அதே வாரம் எதிர்வீட்டு மதினியும் வாசலில் நின்று கிட்டத்தட்ட இதையே கேட்டார். அவருக்கு வயது 36, மூன்று பிள்ளைகள், அண்ணன் துபாயில். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரிக்கு ஒரே பெண் குழந்தை, அவளும் கேட்டாள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 11 வருடத்துக்கு முன்னால் இதே முடிவை எடுத்தவள். எடுத்தவள் என்பதுகூடச் சரியில்லை. வலியில் புரண்டுகொண்டிருந்தபோது ஒரு தாளை நீட்டினார்கள், எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டேன். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. முடிவு தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது உறுத்துகிறது.

எங்கள் பக்கத்தில் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?' என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம், பொம்பளைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பதுதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பம் ஆயிரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் பார்த்தால் இங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரித் தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, மனசு மாறினால் திரும்ப முடியுமா என்பது. இதை யாரும் முதலில் கேட்பதில்லை. 'ரெண்டு போதும், இனி எதுக்கு?' என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, தவறிப்போகும் வாய்ப்பு எவ்வளவு. எதுவுமே நூற்றுக்கு நூறு கிடையாது, ஆபரேஷனும்தான்.

மூன்றாவது, யார் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பீடி சுற்றுகிறவளுக்கும் நடவுக்குப் போகிறவளுக்கும் இதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நான்காவது, உடம்பு எதைத் தாங்கும். ரத்தசோகை, சர்க்கரை, ஏற்கெனவே ஆன சிசேரியன் எல்லாம் இதில் வரும்.

ஐந்தாவது, வெளியே தெரியாத செலவு. பணம் மட்டுமல்ல, வீட்டில் வரும் பேச்சும் செலவுதான்.

மதமும் சில வீடுகளில் ஒரு அளவுகோல். உவரிப் பக்கத்து மீனவக் குடும்பத்துக்கும் மேலப்பாளையத்துக் குடும்பத்துக்கும் அது பெரிய கேள்வியாக இருக்கலாம். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நிரந்தரமான வழி வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் நேரே காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைத்து, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய சாதனம்) பகுதிக்குப் போய்விடலாம்.

## ஒரே பார்வையில்

| | பிரசவத்தோடு ஆபரேஷன் | பிறகு லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியாகப் பெண்ணுக்கு ஆபரேஷன்) | கணவருக்கு வாசக்டமி (ஆணுக்கு ஆபரேஷன்) | காப்பர் டி |
|---|---|---|---|---|
| எப்போது | பிரசவமான 7 நாளுக்குள், அல்லது சிசேரியனோடு | 6 வாரம் கழித்து எப்போது வேண்டுமானாலும் | எப்போது வேண்டுமானாலும் | பிரசவமான 48 மணி நேரத்துக்குள், அல்லது 6 வாரம் கழித்து |
| திரும்ப முடியுமா | மிகக் கடினம் | கடினம், குழாயில் வளையம் மாட்டியது என்றால் சற்று வாய்ப்பு | கடினம் | எடுத்தால் போதும் |
| எப்போதிலிருந்து பலன் | அன்றிலிருந்தே | அன்றிலிருந்தே | 3 மாதம் கழித்து, பரிசோதனைக்குப் பிறகு | அன்றிலிருந்தே |
| ஓய்வு | பிரசவ ஓய்வோடு சேர்ந்துவிடும் | 2 நாள் முழு ஓய்வு, பாரம் தூக்க 2 வாரம் | 2 நாள், பாரம் தூக்க ஒரு வாரம் | பெரும்பாலும் தேவையில்லை |
| மாதவிடாய் | மாறாது | மாறாது | சம்பந்தமே இல்லை | முதல் சில மாதம் கூடலாம் |
| மறைமுகச் செலவு | அவசர முடிவு | ரெண்டாவது அலைச்சல் | ஊர்ப்பேச்சு, சந்தேகம் | உதிரப்போக்கு, நழுவிப்போவது |

அட்டவணை சொல்லாததுதான் நிறைய இருக்கிறது.

## பிரசவத்தோடு சேர்த்து ஆபரேஷன்

வசதி என்று பார்த்தால் இதை அடிக்க எதுவும் இல்லை. சிசேரியன் என்றால் வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது; கருக்குழாயைக் கட்டித் துண்டிக்க இன்னும் சில நிமிடம்தான் ஆகும். சுகப்பிரசவம் என்றாலும் கர்ப்பப்பை இன்னும் சுருங்காமல் தொப்புள் வரை நிற்பதால் தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறலிலேயே குழாய் கைக்கு எட்டிவிடும். துணைக்கு அம்மா இருக்கிறாள், எப்படியும் சில வாரம் ஓய்வு உண்டு. மூத்த பிள்ளையை ஆச்சி பார்த்துக்கொள்கிறாள். தனியாக இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை.

தவறிப்போகும் வாய்ப்பும் இதில் குறைவு. அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1996-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்தோடு குழாயை வெட்டியவர்களில் பத்து வருடத்தில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்குத்தான் கர்ப்பம் தரித்தது. எல்லா வகைப் பெண் ஆபரேஷனையும் சேர்த்தால் அது ஆயிரத்துக்கு பதினெட்டுக்கு மேல்.

அப்படியானால் என்ன குறை? நேரம்தான் குறை.

வலி எடுத்த பிறகு கேட்கிற கேள்விக்குப் பெண் சொல்கிற 'சரி'யை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசு விதிமுறையே மயக்கத்திலோ கட்டாயத்திலோ வாங்கும் கையெழுத்து செல்லாது என்கிற மாதிரித்தான் சொல்கிறது. ஆனால் நடைமுறை வேறு. ஆஸ்பத்திரிக்கு எண்ணிக்கை, மாமியாருக்கு நிம்மதி, கணவனுக்குப் பொறுப்பு விட்டது. எல்லோருக்கும் வசதியான நேரத்தில் முடிவு எடுக்கப்படுகிறது, படுத்திருப்பவளைத் தவிர.

அதே ஆய்வில் பிறகு வருந்தியவர்களையும் கணக்கெடுத்தார்கள். 30 வயதுக்குமேல் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வருந்தினார்கள். 30 அல்லது அதற்குள் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு இருபது பேர். நம் ஊரில் 25, 26 வயதில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வருத்தம் என்றால் 'இன்னொரு பிள்ளை பெத்திருக்கலாமே' என்ற ஆசை மட்டுமில்லை. கணவன் இறந்து மறுமணம் நடக்கலாம். பிள்ளையைப் பறிகொடுக்கலாம். 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் எத்தனையோ பேர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்கள். வெட்டிய குழாயை மறுபடி சேர்க்கும் ஆபரேஷனை அரசே இலவசமாகச் செய்துகொடுக்க முன்வந்தது. அது எல்லோருக்கும் பலிக்கிற ஆபரேஷன் இல்லை. எவ்வளவு நீளம் குழாய் மிச்சமிருக்கிறது, வயது என்ன என்பதைப் பொறுத்தது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'நிரந்தரம்' என்ற சொல்லைப் படுக்கையில் அல்ல, ஏழாம் மாதத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். யோசித்து, அப்போதும் சரி என்றால், பிரசவத்தோடு செய்வது நல்ல வழிதான். பிறந்த பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூன்றாம் நாள் நான்காம் நாள்கூடச் செய்துகொள்ளலாம். 'இப்பவே பண்ணலேன்னா அப்புறம் முடியாது' என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை.

இன்னொன்று, இடுப்புவலி. எங்கள் தெருவில் ஆபரேஷன் செய்த பெண்களில் பாதிப்பேர் 'அதுக்கப்புறம்தான் இந்த வலி' என்பார்கள். குழாயைக் கட்டுவதற்கும் முதுகுவலிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் வலி பொய் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். பிரசவமாகி ஒரு மாதம்கூட முடியாமல் சுளகை மடியில் வைத்துக் காலை நீட்டிக் குனிந்து உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றினால் எந்த இடுப்புதான் தாங்கும்? ஓய்வு இருந்தது என்று கணக்குப் போடும்போது அந்த ஓய்வு உண்மையிலேயே கிடைத்ததா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

யாருக்கு இது சரி: வயது முப்பதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர், சிசேரியன் எப்படியும் ஆகப்போகிறவர், பிறகு தனியாக வந்துபோக வழியில்லாதவர், இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னவர்.

## பொறுத்திருந்து லேப்ராஸ்கோபி

சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு, குழாயில் வளையம் மாட்டுவது. பிரசவமான உடனே இதைச் செய்யமாட்டார்கள், ஆறு வாரமாவது போக வேண்டும். வயிற்றில் காற்று செலுத்துவதால் அடுத்த ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். 'வயித்துல ஆபரேஷன் பண்ணினா தோள் ஏன் வலிக்கு?' என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். அது தானே போய்விடும்.

இதன் பெரிய லாபம், யோசிக்க நேரம் கிடைப்பது. பிள்ளைக்கு ஒரு வயதாகட்டும், தடுப்பூசியெல்லாம் முடியட்டும், நிதானமாகப் பார்க்கலாம். வளையம் குழாயில் கொஞ்சம் இடத்தைத்தான் கெடுக்கும் என்பதால், என்றாவது திரும்பச் சேர்க்க வேண்டி வந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுதல். தவறும் வாய்ப்பும் பிரசவத்தோடு செய்வதைவிடச் சற்றுக் கூடுதல்.

மறைந்திருக்கும் செலவு இடைவெளியில் இருக்கிறது. 'பால் குடுக்கேன்லா, ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தப்பினாலும் தப்பியதுதான். ஆகவே பொறுப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. நடுவில் ஆணுறையோ காப்பர் டியோ வேண்டும்.

அப்புறம், அந்த 'அப்புறம்' வரவே வராது. பிசான நடவு வரும், மூத்தவனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், நாத்தனார் கல்யாணம். ரெண்டு பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் படுப்பது? தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. ஆபரேஷன் நாள் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், மாதவிடாய் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் போனால் கர்ப்பமாக இல்லை என்பது உறுதியாகும்.

முகாம் என்று கூட்டமாகச் செய்கிற இடத்துக்குப் போகாதீர்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் செய்து, அதில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், முகாம்களையே மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. முறையான ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில், அன்றைக்கு உங்களோடு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டே படுங்கள்.

## கணவருக்கு வாசக்டமி

இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் வீட்டிலேயே ஒருவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களில் பெரும்பாலானவற்றில் ஜெயிப்பது இதுதான்.

1974-ல் சீனாவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்த முறையில் இப்போது கத்தியே இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகத் துளைத்து, விந்தணு வரும் இரண்டு குழாய்களையும் வெளியே எடுத்துக் கட்டிவிடுவார்கள். தையல் கிடையாது. வயிற்றைத் திறப்பதில்லை, முழு மயக்கம் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வரலாம். பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனைவிட ஆபத்து குறைவு, தவறும் வாய்ப்பும் குறைவு.

பயங்கள் மூன்று. முதலாவது ஆண்மை போய்விடும் என்பது. அடைபடுவது விந்தணு வரும் பாதை மட்டும். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் நேரே கலக்கிறது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் தொடர்பே இல்லை. விந்து வெளியேறுவதும் நிற்காது, அதில் அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம்தான். இரண்டாவது, பாரம் தூக்க முடியாது என்பது. களக்காட்டில் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர், கொத்தனார், பனை ஏறுகிறவர் இவர்களெல்லாம் இதைத்தான் சொல்வார்கள். ஒரு வாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். சிலருக்கு வீக்கமோ வலியோ வரலாம், வெகுசிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. மூன்றாவது பயம் பழசு. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77ல் ஒரே வருடத்தில் நாடு முழுக்க எண்பது லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் நடந்தது, அதில் அறுபது லட்சத்துக்கு மேல் ஆண்கள். வடக்கே கட்டாயப்படுத்திப் பிடித்துப்போன கதைகள் இங்கேயும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு ஆண்கள் பக்கம் யாரும் பேச்சே எடுப்பதில்லை. மொத்தப் பாரமும் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

இனி, பெண்களே சொல்கிற ஒரு காரணம். இதை ஆண்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "அவுகளுக்குப் பண்ணிட்டு, நான் நின்னுட்டேன்னா?" அதாவது ஆபரேஷன் தவறி நான் கர்ப்பமானால் ஊர் என்னைத்தானே சொல்லும்? எங்கள் சித்தி ஒருத்தி இதே காரணத்துக்காகத் தன் வயிற்றைக் கொடுத்தாள். இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதற்கு மருந்து பரிசோதனைதான். ஆபரேஷன் ஆன அன்றே பலன் வராது. குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் போக மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று தாளில் வாங்க வேண்டும். தவறிப்போனதாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு, இந்த மூன்று மாதத்தைப் பொறுக்காததாலும் அந்தப் பரிசோதனைக்குப் போகாததாலும் வருவது. அந்தத் தாளைத் தாலிக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் அபூர்வமாகக் குழாய் தானே சேர்ந்துவிடுவது உண்டு என்பதைக் கணவன் முன்கூட்டியே டாக்டர் வாயால் கேட்டிருப்பது நல்லது. நீங்கள் சொன்னால் அவர் நம்பாமல் போகலாம்.

துபாய், சவூதியில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி, பாதி வீடுகளில் இதே நிலைமைதான். லீவு முப்பது நாள், நாற்பது நாள். இங்கே வந்து செய்துகொண்டு திரும்பிப் போனால் மூன்று மாதம் அங்கேயே கழியும். அடுத்த லீவில் வந்ததும் முதல் வேலையாகப் பரிசோதனை, அதுவரை ஆணுறை. எதிர்வீட்டு மதினியிடம் இதைச் சொன்னேன். "உங்க அண்ணன்ட்ட நீங்களே பேசுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். இன்னும் பேசவில்லை.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதில் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கமாட்டார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மாதிரிப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே விசாரித்து நாள் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஆணுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை கூடுதல்தான். ஆனால் அதற்காக யாரும் போவதில்லை.

யாருக்கு இது சரி: பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று சிசேரியன் ஆகி வயிற்றில் ஒட்டுதல் இருந்தால், இதயக் கோளாறோ மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாத நிலையோ இருந்தால், பெண்ணின் கூலியில்தான் வீடு ஓடுகிறதென்றால். கணவன் மனசார ஒப்புக்கொண்டால் மட்டும். இழுத்துக்கொண்டு போய்ச் செய்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குத்திக்காட்டு வாங்குவது எந்த அளவுகோலிலும் லாபம் இல்லை.

## காப்பர் டி

இது நிரந்தரம் இல்லை. ஆனால் 380ஏ வகை பத்து வருடம் வேலை செய்யும். 25 வயதில் ஒன்று போட்டால் 35. நிரந்தரத்துக்கு அது பக்கத்துவீடு. எடுத்த உடனே கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். 25 வயதுக்காரிக்கு என் மனசு முதலில் போனது இதற்குத்தான்.

ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று அதே தேசிய ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே தலைசுற்றுகிறவளுக்கு உதிரப்போக்கைக் கூட்டிவிட்டு, 'சரியாப் போயிரும்' என்று அனுப்புவது சரியில்லை. ரத்த அளவைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். பிரசவத்தோடேயே போட்டால் நழுவி வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கூடுதல். ஆறாவது வாரம் போய்க் காட்டியே ஆக வேண்டும். தொற்று இருந்தாலோ காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தாலோ போடக்கூடாது.

இனி ஒரு கோபம். எனக்கு முதல் பிரசவமான பிறகு, வீட்டுக்கு வரும்போது கொடுத்த அட்டையில் காப்பர் டி போட்டதாக எழுதியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அட்டையைப் படித்த என் தங்கைதான் 'ஏக்கா, இது என்னது?' என்றாள். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு வேறு வேறு இடத்தில் இதே கதை. காப்பர் டி மேல் பெண்களுக்கு இருக்கும் வெறுப்பில் பாதி அதன் குற்றமில்லை, அது உள்ளே வந்த விதத்தின் குற்றம். வேண்டும் என்று கேட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் நிம்மதியாகவே இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் பிரசவ அறைக்குள் போவதற்கு முன்பே உங்கள் வாயாலும் துணைக்கு வந்தவர் வாயாலும் சொல்லி, அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா என்ற கருத்தடை ஊசி, சாயா என்ற கருத்தடை மாத்திரை இரண்டும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சாயா முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் போடலாம். ஊசி போட்டால் மாதவிடாய் தாறுமாறாகும், நின்றும் போகலாம், நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகும். முடிவெடுக்கும்வரை தள்ளிப்போட இரண்டும் நல்லவைதான். எந்த ஆபரேஷனும் காப்பர் டியும் பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறை ஒன்றுதான்.

'மொத்தமா கர்ப்பப்பையையே எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது பெரிய ஆபரேஷன், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் செய்வதில்லை.

## கையெழுத்தும் காசும்

ஆபரேஷனுக்கு வரும் பெண் 22 வயதிலிருந்து 49 வயதுக்குள், மணமானவர், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். இவைதான் முக்கியமான விதிகள். கணவனின் கையெழுத்து தேவை என்று விதியில் இல்லை. ஆணுக்குச் செய்தாலும் மனைவியின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கவுண்டரில் 'வீட்டுக்காரர் எங்க?' என்றுதான் முதல் கேள்வி வரும். வெளிநாட்டில் இருப்பவரின் மனைவியை இதைச் சொல்லியே திருப்பி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன். விதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு நிதானமாகக் கேளுங்கள்.

பெண் குழந்தைகள் மட்டும் இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. 1992-லிருந்து நடக்கும் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் தலைக்கு 25,000 ரூபாய் அரசு வைப்பாகப் போடும். வருமான வரம்பும் வயது வரம்பும் உண்டு. நிபந்தனை, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். 'பெற்றோரில் ஒருவர்' என்பதை நன்றாகப் படியுங்கள், அம்மா என்று எழுதவில்லை. பக்கத்து மேஜைக்காரி இதற்காகவே ஒரு பெண்ணோடு முடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். பதினெட்டு வருடம் கழித்து வரும் பணத்துக்காக 27 வயதில் நிரந்தர முடிவா என்று நான் கேட்டேன். அவள் கணக்கு வேறு: "ரெண்டாவதும் வேண்டாம்னு நானே முடிவு பண்ணிட்டேன் அக்கா, பணம் சும்மா வந்தா வேண்டாங்கணுமா?" அது சரியான கணக்கு. முடிவு முதலில், பணம் அப்புறம்.

ஆபரேஷன் தவறிக் கர்ப்பமானால் அரசு ஆஸ்பத்திரி மூலம் இழப்பீடு கேட்கலாம். தெரியவந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆபரேஷன் செய்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நிறையப் பேரிடம் அந்தச் சான்றிதழ்தான் இருக்காது. அதைவிட அவசரம் இன்னொன்று: ஆபரேஷன் செய்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிறு வலித்தால் 'எனக்குத்தான் பண்ணியாச்சே' என்று இருந்துவிடாதீர்கள். தவறிய கர்ப்பம் குழாயிலேயே தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

மதினிக்கு வாசக்டமி, அண்ணன் ஒப்புக்கொள்ளாவிட்டால் நிதானமாக ஒரு நாள் பார்த்து லேப்ராஸ்கோபி. மூன்று பிள்ளை, 36 வயது, மனசில் குழப்பமே இல்லை. பக்கத்து மேஜைக்காரிக்கு நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அக்கா மகளிடம், ஏழாம் மாதப் பரிசோதனைக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் நான்கையும் கேட்டுவிட்டு வா என்றேன். போனார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். மாப்பிள்ளை வாசக்டமி பற்றி இரண்டு கேள்வி கேட்டாராம். திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லையாம். இப்போதைக்குக் காப்பர் டி போட்டுக்கொண்டு பிள்ளைக்கு ரெண்டு வயது ஆகட்டும் என்று இருக்கிறார்கள்; அட்டையில் அப்படியே எழுதியும் வாங்கியிருக்கிறாள். வாசக்டமி பேச்சு நடந்ததை மட்டும் மாமியாரிடம் சொல்லவில்லை.

"அத்தைக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிருவாவ, சித்தி. நீங்களும் அம்மாட்ட சொல்லிராதிய."

அக்காவிடம் நான் சொல்லவில்லை.